கத்தினால் வரமாட்டார்கள்

"காப்பாத்துங்க...! யாராவது வாங்க...!"

அந்த அலறல் சமுதாயக்கூடத்தின் தகரக் கூரையில் மோதி, வெளியே தெருவில் போய் விழுந்தது.

ஒதியம்பட்டின் அந்தத் தெருவில் ஒருவரும் அசையவில்லை.

பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து கனகாம்பாளின் குரல் மட்டும் வந்தது.

"ஆரம்பிச்சிட்டாளுங்கடி! சீரியல்ல ஒரு வார்த்த கேக்க வுடுறாளுங்களா?"

டி.வி. சத்தம் கூடியது.

வைஜெயந்தியின் கழுத்தை ஒரு கை பின்னாலிருந்து வளைத்து இறுக்கியது.

"கத்துக்கா..." ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கிசுகிசுத்தான் அவன். "நல்லா கத்து. தெனம் கத்திக் கத்தி நீதான ஊரையே பழக்கி வெச்சிருக்க!"

உண்மை!

வைஜெயந்தி அந்த ஊர்ப் பெண்களுக்குத் தற்காப்புச் சொல்லிக்கொடுப்பவள். முதல் பாடமே கத்துவதுதான். பொம்பளை சத்தம் வாசலைத் தாண்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. ஒவ்வொருத்தியின் தொண்டையையும் அவளே திறந்துவிட்டாள்.

முதல் நாள் அலறலுக்கு ஊரே கம்போடு ஓடிவந்தது.

அடுத்த நாள் பாதி ஊர்.

அப்புறம் நாய்கூட வரவில்லை.

இன்று வகுப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. வைஜெயந்தி எப்போதும் முன்னாலேயே வந்துவிடுவாள். காரைக்காலை விட்டு வந்து, வாடகை அறையில் தனியாக இருப்பவள். அந்த அறையில் அவளைத் தவிர சத்தம் போடுவது மின்விசிறி மட்டும். கூடத்துக்கு வந்து பெருக்கிக்கொண்டிருந்தால், தெருவில் யாராவது யாரையாவது திட்டுவதாவது காதில் விழும்.

அதற்காகவே வருவாள்.

"உனக்கு... என்ன வேணும்?"

"அர்ச்சனா குடுத்தாளே... போனு."

வைஜெயந்தியின் கை இடுப்புப் பைக்குப் போனது.

அர்ச்சனா அவளுடைய மாணவி. திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. அவள் குளிப்பதை எவனோ ஒளிந்திருந்து படம் பிடித்திருந்தான். அவளுக்கே அனுப்பி, தனியாக வா என்று மிரட்டிக்கொண்டிருந்தான். நேற்று வகுப்பு முடிந்ததும் போனை வைஜெயந்தியின் கையில் திணித்து அழுதாள்.

"வூட்ல சொன்னா என்னியத்தான்க்கா ஒதைப்பாங்க. நீயே போலீஸ்ல குடுத்துடு."

நாளைக் காலையில் கொடுப்பதாக இருந்தாள். போன் இப்போது அவள் இடுப்புப் பையில்! அது போனால் அந்தப் பெண்ணுக்கு வேறு சாட்சி இல்லை.

"நான் எடுத்துட்டு வரல..."

"உனக்குப் பொய்யே வரலக்கா."

வைஜெயந்தி முழங்கையைப் பின்னால் வீசினாள். விலாவில் இறங்கியது. அவன் பிடி தளர, சட்டென்று திரும்பி, மூக்கைக் குறிபார்த்து உள்ளங்கையால் ஒரே குத்து...

டப்!

ஹெல்மெட்! வலி தோள்பட்டை வரை பாய்ந்தது. பாடத்தில் ஹெல்மெட் இல்லையே! அவள் இதுவரை அடித்ததெல்லாம் பழைய மெத்தையைத்தான்.

கதவுக்கு ஓடினாள். அவன் போட்டிருந்த தாழ்ப்பாளை இழுத்தாள். கதவு பாதி திறந்தது. அதற்குள் அவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டான்.

அந்தப் பாதிக் கதவு வழியே எதிரில் தெருக்குழாய் தெரிந்தது.

குழாயடியில் ஆள் இல்லை. வெறும் குடங்கள் வரிசையில் நின்றன. மோட்டார் ரிப்பேர். முந்தாநாளிலிருந்து தண்ணீர் இல்லை. குடத்தைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, ஆளாளுக்கு வீட்டுக்குள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

'நெருப்பு' என்று கத்தலாமா?

அதுவும் போன வாரப் பாடம்!

வைஜெயந்தி மூச்சை நிறைய இழுத்தாள்.

"தண்ணி வந்துடுச்சூ...! கொழாய்ல தண்ணீ...!"

ஒரு கணம்.

டி.வி. நின்றது.

"ஏய், தண்ணிடி!"

"கராத்தேகாரிதான் கத்துறா! நம்மளுக்கு முன்னாடி புடிச்சிடுவா!"

"என் குடத்த எவடி நகத்துனது?"

படபடவென்று கதவுகள் திறந்தன. முதலில் வந்தவள் கனகாம்பாள். எவர்சில்வர் குடத்தைத் தூக்கிக் குழாயைத் திருகினாள். காற்றுகூட வரவில்லை.

"பொய்யாடி சொன்ன? உன்ன..."

திட்டிக்கொண்டே கூடத்துப் பக்கம் திரும்பினாள். பாதிக் கதவுக்குள் ஹெல்மெட் போட்ட ஒருவன். அவன் கையில் வைஜெயந்தியின் கழுத்து.

கனகாம்பாள் கேள்வி கேட்கவில்லை.

ணங்!

குடம் ஒடுங்கியது. அவன் தடுமாறினான். பின்னாலேயே மாணவி முத்துலட்சுமி பாய்ந்தாள்.

"முட்டிய பாத்து ஒதைடி! அக்கா சொல்லிக் குடுத்துச்சே!"

உதைத்தார்கள். விழுந்தான்.

"ஹெல்மெட் போட்டுக்கினு பொம்பள மேல கை வைக்கிறியா? எவன்டா நீ? கழட்டுங்கடி அத!"

கழற்றினார்கள்.



அரிகரன்!

கனகாம்பாளின் ஒரே மகன்!

நேற்று அர்ச்சனா அழுதது அந்தப் பக்கத்து வீட்டு ஜன்னலில் யார் காதில் விழுந்தது என்று வைஜெயந்திக்கு இப்போது புரிந்தது.

"எம்மா... சும்மா வெளாட்டுக்குதான்மா..."

தூக்கிய குடங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. பெண்கள் கனகாம்பாளையே பார்த்தார்கள். யாரும் வைஜெயந்தியைப் பார்க்கவில்லை.

அவன் அவர்கள் கண்ணெதிரே வளர்ந்த பிள்ளை. இவள் வாடகைக்கு வந்தவள்.

இத்தனை பேர் நடுவிலும் அவள் தனியாகத்தான் நின்றாள். இடுப்புப் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"இன்னா நடந்துச்சு? சொல்லு." கனகாம்பாள் குடத்தைக் கீழே வைத்தாள்.

"ஒரு பொண்ணு குளிக்கிறத படம் எடுத்து மிரட்டியிருக்கான். அந்த சாட்சியப் புடுங்க வந்தான்."

"எந்தப் பொண்ணு?"

"சொல்ல மாட்டேன்."

"சொல்லலன்னா எவ நம்புவா?"

நம்பாவிட்டால் போகட்டும். அந்தப் பெயர் வைஜெயந்தியின் வாயிலிருந்து வராது.

கூட்டத்தின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் குடம் கீழே விழுந்து உருண்டது.

"நாந்தான் அத்த."

அர்ச்சனா! சத்தம் வாசலைத் தாண்டித் தெரு வரைக்கும் கேட்டது.

கனகாம்பாள் அவளைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான். அது போதுமானதாக இருந்தது.

"நீ போலீசுக்குப் போன் போடும்மா," என்றாள் வைஜெயந்தியிடம்.

குனிந்து ஹெல்மெட்டை எடுத்தாள். முந்தானையால் அதன் தூசியைத் துடைத்தாள். மகன் தலையில் அதை மாட்டி, வாரை இழுத்துக் கட்டினாள்.

"எம்மா... இன்னாம்மா பண்ற?"

கனகாம்பாள் ஒடுங்கிய குடத்தைக் கையில் எடுத்தாள்.

"வண்டி எடுக்கறப்பல்லாம் போடு போடுன்னு கெஞ்சுவன், முடி கலையும்னு சொல்லுவ. இன்னிக்குதான் போட்டிருக்க ராசா... கழட்டிடாத. போலீஸ் வர்ற வரைக்கும் எங்களுக்கு வேல இருக்கு!"