ஹாதிமுக்காக ஓதிய ஃபாத்திஹா

ஹாதிம் இருமினான்.

மருந்துக் கடையின் பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, வீங்கிய கால்களை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டு நெவீன் அரைக் காதால்தான் கைபேசியில் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இருமல் கேட்டதும் காலைக் கீழே வைத்தாள். அவனுக்கு இருமல் வர வழியில்லை. இருமுவதற்கு நெஞ்சு என்று ஒன்று வேண்டுமே.

அவன் வெறும் செயலி. மாதச் சந்தா கட்டினால் முகமும் குரலும் தந்து, நாள் தவறாமல் அழைத்து, வீட்டாரிடம் வீடியோவில் குசலம் விசாரிக்கும் பொய்க் காதலன். முப்பத்தைந்து வயதுப் பெண்ணை வெள்ளிக்கிழமைதோறும் எவனாவது ஒருவன் முன்னால் காபித் தட்டோடு நிறுத்தும் கொடுமைக்கு அதுதான் மருந்து என்று கூட வேலை செய்பவள் சொல்லிக்கொடுத்தாள். குவைத்தில் பொறியாளர் என்று கதை கட்டியாயிற்று. உம்மா ஒரே வாரத்தில் மயங்கிவிட்டாள். நெவீன் கேட்டதெல்லாம் அதிகமில்லை. வேலை முடிந்து வந்தால், யாரும் எதுவும் கேட்காமல், தன் கட்டிலில் தனியாகத் தூங்க வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை தப்பு நடந்தது. வாப்பா இறந்தபின் அந்த வீட்டில் அவர் தம்பி ஷவ்கி சாச்சா வைத்ததுதான் சட்டம். "பையன் தங்கமா இருக்கான், இப்பவே ஃபாத்திஹா ஓதிடுவோம்" என்று வீடியோவுக்கு முன்னால் கையேந்திவிட்டார். பெண் பேசுமிடத்தில் அதை ஓதிவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று. யாரும் விளையாட்டுக்கு ஓதுவதில்லை. தடுத்திருக்கலாம். தடுத்தால் விளக்கம் சொல்ல வேண்டும், அழுகையைப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க நின்ற கால் விண்விண்ணென்று தெறித்தது. போய்த் தொலையட்டும் என்று அவளும் கையேந்தி ஆமீன் சொன்னாள். திரைக்குள்ளிருந்து ஹாதிமும் சொன்னான், கொஞ்சம் பிந்தி.

"என்ன இருமல்?" என்றாள் இப்போது.

"மழைல நனைஞ்சிட்டேன். டிராம்ல நின்னுக்கிட்டே வரேன், உட்கார இடமில்ல."

"குவைத்ல ஏது டிராம்?"

"அலுப்பு வந்தா நீ வக்கீலாயிடுற நெவீன்."

வெளியே அலெக்சாண்டிரியாவின் குளிர்கால மழை சாய்ந்தடித்துக்கொண்டிருந்தது; அந்தி மங்கலில், கடலுப்பும் நனைந்த நாயின் வாடையும் கதவிடுக்கில் நுழைந்துகொண்டிருக்க, கடை வாசலைக் கடந்த டிராமின் மணி சுவருக்கு அப்பாலிருந்து இழுத்து இழுத்து ஒலித்தது. அதே மணி, அதே இழுப்போடு, கைபேசிக்குள்ளும் ஒலித்தது.

அவள் செயலியை அழித்தாள். திரையில் அதன் இடம் காலியானது.

"அழிச்சிட்டியா? சரி விடு. இனிமே நமக்கு அது எதுக்கு?"

கைபேசியை அணைத்தாள். கடைத் தொலைபேசியில் வீட்டை அழைத்தாள்.

"எங்கடி இருக்க?" உம்மாவின் குரலில் கல்யாணக் களை. "மாப்பிள்ளை வந்து உட்கார்ந்திருக்காரு. குளிர்ல பாவம், கையெல்லாம் ஐஸாட்டம் இருக்கு. சாச்சா நிக்காஹுக்கு ஆளைக் கூட்டிட்டு வந்துட்டாரு. உன் சார்பா அவரே ஒப்புக்கொடுத்துடுவாராம்."

"உம்மா, அவன வெளிய அனுப்புங்க."

"பேச்சைப் பாரு. மூணு கப் டீ குடிச்சிட்டாரு."

ஓடினாள். ஓட முடிந்த வரை ஓடினாள். படிக்கட்டில் விளக்கில்லை. ஒவ்வொரு படியும் ஈரம். மேலே ஏற ஏற, சாம்பிராணிக்கு அடியில் வேறொரு வாடை. சூடேறிய பிளாஸ்டிக். கதவு திறந்தே கிடந்தது.

கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். நிக்காஹ் பதிவாளர், சாட்சிகள் இருவர், சாச்சா, உம்மா. எல்லா முகங்களும் பெரிய சோபாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. சோபாவில் யாருமில்லை. மெத்தை மட்டும் குழிந்திருந்தது.

"சாச்சா, நிறுத்துங்க. அங்க ஆளே இல்ல. எல்லாம் நான் கட்டின பொய்."

அவர் திரும்பவில்லை. "ஓதினப்போ நீயும்தானே ஆமீன் சொன்ன?"

"வெக்கப்படுறா, தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை" என்றாள் உம்மா, காலி சோபாவிடம்.

நெவீனுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நின்னு நின்னு களைச்சிருப்ப" என்றது குரல். கைபேசியிலிருந்து அல்ல. சோபாவிலிருந்து. "வா. உட்காரு."

சாச்சா சோபாவை நோக்கிக் கையை நீட்டியிருந்தார், பெண் கொடுப்பவர் மாப்பிள்ளையின் கையைப் பற்றி, கட்டைவிரலோடு கட்டைவிரல் சேர்த்து அழுத்துகிற விதத்தில். பதிவாளர் அதன்மேல் வெள்ளைக் கைக்குட்டையைப் போர்த்தினார். இந்தப் பக்கம் சாச்சாவின் மணிக்கட்டு. அந்தப் பக்கம் எதுவுமில்லை. சட்டைக் கை இல்லை. தோள் இல்லை.

"கொடுத்தேன்" என்றார் சாச்சா.

"ஏத்துக்கிட்டேன்."

கைக்குட்டை மெல்ல நனைந்தது. நனைந்து ஒட்டியது. துணிக்கடியில் இரண்டு கட்டைவிரல்கள் இருந்தன.