மஃரிபு நேரத்துக் கண்ணாடி

அந்த வீட்டுக்கு மின்சாரம் வந்து மூன்று மாதம். மருமகள் வந்து ஒரு மாதம். ஜின் எப்போது வந்தது என்பதுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

"என் பொஞ்சாதி சாயங்காலத் தொழுகைக்கு, மஃரிபு நேரம் கிணத்தடியில கை கால் கழுவி ஒளு செஞ்சுட்டு வந்து, கண்ணாடியப் புடிச்சுப் பாத்து முக்காட்டைச் சரி பண்ணுவா. அப்பத்தாண்ணே தூக்கி எறியுது. மூணு தடவை விழுந்துட்டா" என்றான் தொப்பி வியாபாரி சேக் மைதீன். துப்பறியும் நல்லகாமன் காட்டிய நாற்காலியில் அவன் உட்காரவே இல்லை. "ஜின் புடிச்சவ வேணாம்னு அம்மா சொல்லிட்டாக. அவ அத்தா மேலூர்லருந்து வந்து உக்காந்திருக்காரு. இன்னிக்கு அவளைக் கூட்டிட்டுப் போனா, அடுத்தது தலாக்குத்தான்."

நல்லகாமன் எதற்கும் பதறாதவர். நிதானமாகச் சட்டையை மாட்டிக்கொண்டார். அவருடைய கூட்டாளி முத்திருளன் அதற்குள் தெருவில் இறங்கிக் குதிரைவண்டியைப் பிடித்துவிட்டார்.

வீட்டில் நான்கு பேர்: தாய் ஜெயினம்பு, அண்ணன் பீர் முகமது, சேக் மைதீன், அவன் மனைவி பக்ருன்னிசா. கிணற்றடியில் மூன்று ஜோடிக் கட்டை மிதியடிகள் கிடந்தன. கூடத்துக்குள் நுழைந்ததும், சங்கிலியில் தொங்கும் பித்தளைச் சட்டமிட்ட பெரிய கண்ணாடி. அதற்கு மேலே மின்விளக்கு. விளக்குக்கும் சுவிட்சுக்கும் நடுவே, கம்பிகளை மூடிய மரப்பட்டை கண்ணாடிக்குப் பின்னால் ஓடியது.

"காலையில இதைத் தொட்டா?" என்று கேட்டார் நல்லகாமன்.

"ஒண்ணும் செய்யாதுங்க" என்றாள் பக்ருன்னிசா. அழுது கண் வீங்கியிருந்தது.

"நானுந்தான் சாயங்காலம் தொடுறேன். என்னைய ஏன் அடிக்கல?" என்றார் ஜெயினம்பு.

முத்திருளன் நல்லகாமனின் காதைக் கடித்தார். "அண்ணனுக்கு இந்தக் கல்யாணமே புடிக்கலையாம். அவரு வேலைதான்."

"பொறுங்க."

இருட்டியது. விளக்கைப் போட்டார்கள். ஜெயினம்பு ஒளு செய்து, மிதியடியோடு வந்து, கண்ணாடிச் சட்டத்தில் கையை வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. மேலூரிலிருந்து வந்திருந்த பக்ருன்னிசாவின் தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

"நீ மிதியடி போடுறதில்லையாம்மா?" என்று கேட்டார் நல்லகாமன்.

"மாமி முன்னாடி கட்டையத் தட்டிக்கிட்டு நடக்கிறது எங்க வீட்டுல மரியாதை இல்லீங்க."

"அம்புட்டுத்தான் ஜின்னு."

"இது என்ன கூத்து? இந்தா, நானும் கழட்டுறேன்!" ஜெயினம்பு மிதியடியை உதறிவிட்டு ஈரக்காலோடு கையை நீட்டினார்.

"தொடாதீக!" பதறாத மனிதர் கத்தினார். முத்திருளன் பாய்ந்து மெயின் சுவிட்சை அணைத்தார்.

அரிக்கேன் வெளிச்சத்தில் கண்ணாடியை இறக்கினார்கள். மரப்பட்டையின் நடுவில் ஒரு நீள ஆணி இறங்கியிருந்தது.

"விளக்குக்குப் போற கம்பியில இந்த ஆணி குத்திக்கிட்டு இருக்கு. சுவிட்சப் போட்டாத்தான் அதுல கரண்ட் வரும். அதனாலதான் காலையில ஒண்ணுமில்ல. சாயங்காலம் ஆணி, சங்கிலி, பித்தளை எல்லாத்துலயும் கரண்ட். உங்க மூணு பேரையும் மிதியடி காப்பாத்துச்சு. இந்தப் பொண்ணு ஈரக்காலோட நின்னுச்சு. கை ஒட்டியிருந்தா மய்யித்துதான், பொணமாத்தான் தூக்கியிருப்பீக" என்றார் நல்லகாமன்.

முத்திருளன் பீர் முகமதுவைப் பார்த்து முறைத்தார்.

"நாந்தாண்ணே அடிச்சேன்" என்றான் சேக் மைதீன். "அவ கொண்டுவந்த சீர்க் கண்ணாடி. சுவருல அடிச்சா காரை பேந்துச்சு. பட்டையில ஆணி அடிக்காதன்னு வயர்மேன் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. மரத்துல நல்லா நிக்குமேன்னு அடிச்சுட்டேன்."

ஜெயினம்பு உடைந்து அழுதார். "நீ எங்கயும் போக வேணாம் தாயி."

பக்ருன்னிசா பெட்டியை எடுத்தாள். "ஜின்னு இல்லன்னு வெளியாளு வந்து சொல்ல வேண்டியிருக்கு மாமி. மூணு தடவை விழுந்தேன். ஒருத்தராவது கிட்ட வந்து தூக்குனீகளா? கம்பியச் சரி பண்ணுங்க. பொறகு நீங்களே மேலூருக்கு வந்து கூப்பிடுங்க, வாரேன்."

பெட்டியை வாங்கிக்கொள்ளச் சேக் மைதீன் கையை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.