நகலில் ஓடிய மூச்சு

மதியம் இரண்டு மணிக்கு, நகரக் கூடாத ஓர் எண் லேப்டாப் திரையில் நகர்ந்தது.

குழந்தையின் மெத்தைக்கு அடியில் விரித்தால் மூச்சை எண்ணும் பாய் ஒன்றுக்கு ப்ரோகிராம் எழுதுவது அவன் பிழைப்பு. சோதனைக்கு ஊரான் பிள்ளையா கிடைக்கும்? பக்கத்து அறையில் தூங்கும் ஆறு மாத மகள்தான் கிடைத்தாள். பாய் அனுப்பும் எண்ணுக்கு ப்ரோகிராமில் ‘வோலடைல்’ என்ற குறி உண்டு. வெளியிலிருந்து வேறொன்று இதை மாற்றிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் போய்ப் பார் என்று அர்த்தம். சற்று முன் அவன் அதைச் சாதாரண இடமொன்றில் நகலெடுத்தான். குறி இல்லாமல் கூடாது என்று, எழுதியதைச் சரிபார்க்கும் கம்பைலர் மறுத்தது. அதன் வாயை அடைத்துவிட்டு எடுத்தான்.

நகல் என்றால் எடுத்தபடியே கிடக்க வேண்டும். 1140. ஆனால் மூச்சுக்கு ஒரு ‘டிக்’ என்று அவன் வைத்திருந்த சத்தத்தோடு அது 1141 ஆனது, 1142 ஆனது. பாயின் எண்தான் 1140-இலேயே நின்றது. இரண்டையும் மாற்றிக் காட்டுகிறேனோ என்று வரி வரியாகப் பார்த்தான். தப்பே இல்லை.

ஆபீஸிலிருந்து மனைவி அழைத்தாள்.

“பாப்பா முழிச்சுட்டாளா?”

“இல்ல, தூங்கறா.”

“மூச்சு?”

“டிக் டிக்னு ஓடுது. நீ வேலையப் பாரு.”

சொன்ன பிறகுதான் எந்த எண்ணைப் பார்த்துச் சொன்னோம் என்பது உறைத்தது. எழுந்து ஓடினான்.

பக்கத்து அறையில் பால் வாடையும் பவுடர் வாடையும் கலந்து நின்றன, ஃபேன் கிறீச்சிட்டுச் சுற்றியது, திரைச்சீலையின் நிழல் தொட்டில் மேல் ஏறி இறங்கியது. மகள் விழித்திருந்தாள். அவனைப் பார்த்துக் காலை உதைத்தாள். போன உயிர் திரும்பியது அவனுக்கு. அள்ளி எடுத்தான். உடம்பு கதகதப்பாக இருந்தது.

மூக்கருகே கன்னத்தை வைத்தான். காத்திருந்தான்.

காற்று இல்லை.

நெஞ்சில் கை வைத்தான். அசைவு இல்லை.

லேப்டாப் இருந்த அறையில், டிக்.

அவளைத் தூக்கிக்கொண்டே ஓடினான். திரை மங்கியிருந்தது. நகல் 1219. பேட்டரி இரண்டு சதவீதம். சார்ஜரை நேற்று ஆபீஸிலேயே விட்டுவிட்டான்.

டிக்.

தோளில் மகள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாயைப் பெரிதாகத் திறந்து, சத்தமே இல்லாமல் சிரித்தாள்.

பேட்டரி ஒன்று.