சூடானால் நின்றுவிடும் கசிவு

"கையை எடுங்க."

சொன்னதோடு விடவில்லை அவள். ஸ்கூட்டரிலிருந்து இறங்கி அந்தக் கையைத் தட்டியே விட்டாள். கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, ஆவி பறக்கும் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போன கை... திருகியிருந்தால் முகம் வெந்திருக்கும்.

கொட்டுகிற மழை. ஓரமாக ஒரு பழைய கார், பின்சீட்டில் ரொட்டித் தட்டுகள். அவன் நிமிர்ந்தான். இமையில் தண்ணீர் சொட்ட... கோபமா பயமா என்று தெரியாத கண்கள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. மழைக் குளிர் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பொய்தான்.

"அடிச்சிட்டு சும்மா நின்னா எப்படி?"

"ஆறட்டும்னு நிக்கிறேன். இன்ஜினும்... நீங்களும்."

அண்ணன் பட்டறையில் ரேடியேட்டர் வேலை முழுக்க அவள் பொறுப்பு. காரை அங்கேதான் தள்ளிப் போனார்கள். சூடு பாதி தணிந்ததும், மூடி இருந்த இடத்தில் கைப்பம்பை மாட்டிக் காற்று ஏற்றினாள். பம்பின் அழுத்தமானி முள் ஏறிய இடத்திலேயே நின்றது. ஒரு சொட்டுக் கசிவில்லை. மூடியை மாற்றி அனுப்பினாள்.

மறுவாரம் வந்தான். தண்ணீர் குறைந்திருந்தது, கசிவில்லை. அடுத்த வாரமும் அதே கதை. கடைகளுக்கு ரொட்டி போட்டுவிட்டு நேராக வருவான், ஒரு பன்னை நீட்டுவான், "காலையில வண்டிக்கு அடியில ரேடியேட்டர் தண்ணி பச்சையா சொட்டியிருக்குங்க" என்பான். அவன் வரும் நாளில் அவள் தலைமுடி கொஞ்சம் ஒழுங்காக இருக்கும்...

அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"பாப்பா, கசியாத வண்டியில தண்ணி எங்கம்மா போகும்? பன்னுக்காரன் தானே திறந்து விட்டுட்டு வர்றான். உன்னைப் பார்க்கத்தான். நீ கேளு. நான் கேட்டா வாயால கேட்க மாட்டேன்."

அவன் அடுத்து வந்ததும் கேட்டாள். எல்லார் எதிரிலும்.

"நீங்களே திறந்து விடறீங்களா?"

அவன் முகம் செத்துப்போனது.

"பொய்யன்னு முடிவே பண்ணிட்டீங்க. சரிங்க."

சாவியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்...

பொய் சொன்னவன் இப்படிப் போகமாட்டான். இன்னொரு பொய்யோடு வந்து இளிப்பான். அது அவளைக் குடைந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஊர் சுற்றிவிட்டு வரும் வண்டி எப்போதும் சூடு. சூட்டில் இரும்புக் குழாய் விரிந்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். ஆறிக் கிடக்கும் வண்டியை அவள் பார்த்ததே இல்லையே...

அவன் ரொட்டி எடுக்கும் பேக்கரியில் விசாரித்து, ஞாயிறு விடிந்ததும் பம்பும் கருவிப் பையுமாக அவன் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அவன் அம்மா.

"ரேடியேட்டர் பொண்ணா? இப்ப வந்து என்னம்மா... வண்டியைப் பழைய இரும்புக்கு விலை பேசிட்டான். இழுத்துட்டுப் போக ஆள் வர்றாங்க."

பின்னால் அவன்.

"திருடனைப் பிடிக்க வந்தீங்களா?"

"மூடியைத் திறங்க. அப்புறம் திட்டுங்க."

பம்பை அழுத்தினாள். முள் ஏறியது... நின்றது... மெல்ல இறங்கியது. காருக்கு அடியில் புகுந்தாள். ரேடியேட்டரின் கீழ் ரப்பர் ஹோஸை இறுக்கும் கிளிப்புக்குப் பின்னால் பச்சையாய் ஒரு சொட்டு. இன்னொன்று. அவளுக்கு அழுகை வந்தது. காருக்கு அடியில் அழுதால் யாருக்குத் தெரியும்...

"தெரியுதா?"

"தெரியுது. தப்பு என்மேலதான். மன்னிச்சிடுங்க."

தண்ணீரை வடித்தாள். கல்லாக இறுகிய ஹோஸ் நுனியை வெட்டி, குழாயின் துருவைத் தேய்த்து, புதுக் கிளிப் போட்டு முடுக்கினாள். அவன் டார்ச் பிடித்தான். திரும்ப நிரப்பிப் பம்ப் வைத்தாள். முள் அசையவில்லை. தெருமுனையில் இழுவை வண்டியின் சத்தம்.

"கொடுத்துடுவீங்களா?"

அவன் எதிர்வரிசையைக் காட்டினான். அங்கே ஒரு பட்டறை, சுவர் நிறைய ரேடியேட்டர் படம்.

"என் மாமாவோடது. கூப்பிட்ட குரலுக்கு வருவார்."

"அப்ப எதுக்கு அவ்வளவு தூரம் எங்ககிட்ட..."

"கசிவு நிஜம்ங்க. உங்க அண்ணன் சொன்னதுல பாதியும் நிஜம். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்."

கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கறை எங்கே போகப்போகிறது?

"அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"எந்தப் பாதியை?"

"ரெண்டையும்... எனக்கும் அதேதான்னு சேர்த்து."

வாசலில் இழுவை வண்டி ஹாரன் அடித்தது. அவன் திரும்பியே பார்க்காமல், வேண்டாம் போ என்று கையை ஆட்டினான்.