ஏசி ஹாலில் காணாமல் போன பிஸ்டல்

மதியச் சாப்பாடு முடிந்து ஹாலுக்குத் திரும்பிய இன்ஸ்பெக்டர் ராஜ்மோகன், நாற்காலிக்கடியில் இருந்த தன் பையைத் திறந்தார். பெல்ட் இருந்தது. உறை இருந்தது. பிஸ்டல் இல்லை.

"எவன்டா எடுத்தது?"

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் ஒரு வாடகை ஹால். இன்ஸ்பெக்டர்களுக்குத் தலைமைப் பண்புப் பயிற்சி. "ரேங்க்கை மறந்துட்டு உக்காருங்க" என்று காலையிலேயே தொப்பியையும் பெல்ட்டையும் கழற்ற வைத்திருந்தார், பயிற்சியை நடத்திய டி.எஸ்.பி. சுப்புராமன்.

ரேங்க்கை யாரும் மறக்கவில்லை. கீழே வேலை பார்ப்பவரைத் திருத்திய அனுபவத்தைச் சொல்லச் சொன்னபோது, ராஜ்மோகன் எதிரே இருந்த இன்ஸ்பெக்டர் ஜெயக்குமாரைக் கைகாட்டினார். "இவரு என்கிட்ட எஸ்.ஐ.யா இருந்தப்ப லேட்டா வந்தாரு. ஸ்டேஷன் வாசல்லயே, இவரு மக பாக்கத் தோப்புக்கரணம் போட வெச்சேன்."

ஹால் சிரித்தது. ஜெயக்குமாரும் சிரித்தார். உப்பிலியபுரம் பக்கத்திலிருந்து வந்திருந்த இன்ஸ்பெக்டர் ராசாத்தி மட்டும் சிரிக்கவில்லை. "இது திருத்தறதா சார்? கேவலப்படுத்தறது."

பிறகு இடைவேளை. சாப்பாட்டு வேன் வரவில்லை. மழை விட்ட புழுக்கத்தில், பின்பக்க ஷெட்டில் அரை மணி நேரம் காத்திருந்தார்கள். ஜெயக்குமார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கடைசியாக வந்து உட்கார்ந்தார். அப்புறம்தான் வேன் வந்தது.

ராஜ்மோகன் இப்போது ராசாத்தியை முறைத்தார். "நடுவுல உள்ள வந்தது நீ ஒருத்திதான்!"

"போனை மறந்து வெச்சிருந்தேன். எடுக்க வந்தேன்."

"பையைத் திறங்கம்மா," என்றார் சுப்புராமன்.

ராசாத்தி எல்லோர் முன்னாலும் திறந்தார். உள்ளே பிஸ்டல் இல்லை.

"கிடைக்கலைன்னா உங்க மேலதான் ரிப்போர்ட் போகும்," என்றார் சுப்புராமன்.

"அதுக்கு முன்னாடி ஒருத்தரைக் கேள்வி கேக்கணும் சார்." ராசாத்தி திரும்பினார். "ஜெயக்குமார் சார், ஷெட்டுக்கு வர்ற வரைக்கும் எங்க இருந்தீங்க?"

"வாசல் வேப்பமரத்தடியில. போன் பேசிட்டிருந்தேன்."

"ஹாலுக்குள்ள?"

"வரவேயில்லை."

"ஷெட்டுக்கு வரும்போது கண்ணாடியைத் துடைச்சீங்களே, எதுக்கு?"

"ரசத்து ஆவி படிஞ்சிருச்சு."

"வேன் அப்புறம்தானே வந்துச்சு?"

ஜெயக்குமாரின் கை கண்ணாடிக்குப் போனது.

"ஆவி படிஞ்சது நிஜம். நான் போனை எடுத்துட்டு வெளியே போனதும் என் ஸ்கிரீன்லயும் படிஞ்சுது. இங்க ஏசி இந்த ஹால்ல மட்டும்தான். ஜில்லுனு இருந்த கண்ணாடி புழுக்கத்துக்கு வந்தா உடனே மங்கும், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். மரத்தடியில அரை மணி நேரம் நின்னவரு கண்ணாடி எப்படி மங்கும்? நீங்க அப்பத்தான் இங்கேருந்து வெளியே வந்திருக்கீங்க. பிஸ்டலை எடுத்தது நீங்கதான்."

ஜெயக்குமார் கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்கு. இவரு சஸ்பெண்ட் ஆகி நாலு பேர் முன்னாடி நிக்கட்டும்னு நினைச்சேன். என் மக அன்னியிலேருந்து என் முகத்தைப் பாத்துப் பேசறதில்லை."

"அதுக்காய்யா?" என்றார் ராஜ்மோகன். "அது சும்மா ஜோக்கு."

பிஸ்டலை எடுத்துவந்த சுப்புராமன் அதை ராஜ்மோகனிடம் தரவில்லை. "எடுத்தவர் மேல கேஸ். கவனிக்காம போட்டுட்டுப் போன உங்க மேலயும் ரிப்போர்ட்."

"கழட்டச் சொன்னது நீங்கதானே?"

"விட்டுட்டுப் போகச் சொல்லலை."

ராஜ்மோகன் ராசாத்தியின் பக்கம் திரும்பினார். "சந்தோஷமா?"

"இல்லை. அவரைப் பிடிச்சுக் குடுத்ததுல எனக்குச் சந்தோஷமில்லை. உங்க பிஸ்டலைக் கண்டுபிடிச்சுக் குடுத்ததுல துளிகூட இல்லை."