விட்டு வந்த கட்டில்

முந்தின நாள் இரவு வார்டன் கதவைத் தட்டியபோது, ஆளில்லாத கட்டிலிலிருந்து பதில் வந்திருக்கிறது. அறைத்தோழி வாத்து அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகக் கேன்டீனில் தேநீரை ஊதிக்கொண்டே, பொய்க் கோபத்தோடு சொன்னாள்.

“வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா, ஊமைக்கோட்டான்? உன் குரல்ல பேசறதுக்கு நான் தொண்டையைச் செருமிட்டு இருக்கேன். நீ பாட்டுக்கு இருட்டுல ‘இருக்கேன்மா’ங்கற. எனக்கு உசுரே போயிடுச்சு.”

“நான் எங்கடி வந்தேன்? என் ரூம்லதான் இருந்தேன்.”

“சரி, அப்ப பேய்தான் வந்துச்சு. உன்னைவிட அது நல்லாவே பேசுது.” வாத்து சிரித்துவிட்டு, அந்தப் பெயரை அவளுக்கு வாங்கித் தந்த நடையோடு வகுப்புக்கு அசைந்து போனாள்.

வளாகத்துக்குள் இருந்த விடுதியில் வாத்துவும் அவளும் ஒரே அறை. அம்மாவுக்கு விடுதிதான் பிடித்திருந்தது: சுற்றுச்சுவர், காவலாளி, இரவில் பூட்டும் வாசல். அவளுக்கோ அங்கே படிப்பு ஓடவில்லை. தாழ்வாரம் முழுக்க வாளிச் சத்தமும் சிரிப்பும். பிறர் கனவில் உளறுவதுகூடக் காதில் விழும். வெளியே, இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி அறை கிடைத்தது. எது நல்லது என்று அவளால் முடிவெடுக்க முடியவில்லை. அம்மாவைக் கேட்கலாம்தான். ஆனால் தையல் ஆலையில் நாளெல்லாம் குனிந்து வேலை பார்த்துவிட்டு வருகிற அம்மாவுக்கு, அப்பா போன பிறகு மிஞ்சிய ஒரே நிம்மதி, மகள் பத்திரமான இடத்தில் தூங்குகிறாள் என்பது. அதைக் கலைப்பானேன்? மாதக் கடைசிவரை விடுதிக் கட்டிலையும் விடாமல், வெளி அறையிலும் இருந்து பார்ப்போம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள்.

விடுதியில் அது பெரிய காரியமில்லை. இரவு மணி அடித்ததும் வார்டன் தாழ்வாரத்தில் நடந்து ஒவ்வொரு கதவையும் விரல் முட்டியால் தட்டுவார். திறக்கச் சொல்ல மாட்டார். உள்ளேயிருந்து ஆளுக்கு ஒரு முறை ‘இருக்கேன்மா’ என்று சொன்னால் போதும். குரல்களைக் காதால் எண்ணிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போய்விடுவார். இல்லாதவளுக்காகக் கூட இருப்பவள் குரலை மாற்றிச் சொல்வது அங்கே எல்லோரும் செய்கிற ஒன்று. அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை, உதவி என்றே நினைத்தார்கள். அவளும் ஒவ்வொரு நாளும் படுக்குமுன் கடவுளை வேண்டும்போது வாத்துவுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்வாள்.

மாடி அறை அவள் கேட்ட அமைதியை அப்படியே தந்தது. தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் கம்பிகளைத் தரையில் நீளமாகப் படுக்க வைத்திருக்க, புதுச் சுண்ணாம்பின் ஈரவாடையும் அடியில் எப்போதோ யாரோ பூசியிருந்த தைலத்தின் மணமும் கலந்து வர, கீழே வீட்டுக்கார அக்கா குழாயை மூடுவதும், விளக்கை அணைப்பதும், மெல்லப் படுத்துப் பெருமூச்சு விடுவதும்கூடக் கேட்கிற அளவுக்கு அமைதி. அக்கா முன்னாள் செவிலி. மாடிப்படி விளக்கை அவள் வந்து சேரும்வரை அணைக்காமல் வைத்திருப்பாள். அந்த ஒரு விளக்குக்காகவே அந்த வீட்டை அவளுக்குப் பிடித்திருந்தது.

அன்று இரவு, மணி அடிப்பதற்குச் சற்று முன், அவள் வாத்துவுக்குப் போன் செய்தாள்.

“வைக்காதே, அப்படியே பிடிச்சிரு. கேக்கணும்.”

“என்னத்தைக் கேக்கப்போற? வார்டன் செருப்புச் சத்தத்தையா? இந்தா, ஸ்பீக்கர்ல போடறேன், நல்லாக் கேளு.”

செருப்புச் சத்தம் கேட்டது. பக்கத்து அறைக் கதவு. இரண்டு குரல்கள். பிறகு அவர்கள் கதவு. தட், தட். வாத்து “இருக்கேன்மா” என்றாள். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றுமில்லை. பிறகு, கொஞ்சம் தள்ளி, சுவர்ப் பக்கத்திலிருந்து, இன்னொரு குரல்.

“இருக்கேன்மா.”

அவளுடைய குரல். வார்த்தையின் கடைசியில் மூச்சு லேசாகத் தடுக்குமே, அந்தத் தடுக்கலோடு.

“ஹையோ, போன்லயே சொல்லிட்டியா?” வாத்து வாய்க்குள் சிரித்தாள். “நல்ல ஐடியாடி! இனிமே எனக்கு வேலையே இல்ல.”

நான் வாயைத் திறக்கவே இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது, கரகரத்து, மெலிந்து. அதற்குள் வாத்து வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் வகுப்பை விட்டு விடுதிக்குப் போனாள். ஆளரவமற்ற தாழ்வாரத்தில் சோப்பு நுரை காய்ந்த வாடை. அவர்கள் அறையில் அவள் விட்டுப் போன கட்டில் வெறும் மெத்தையோடு கிடக்க வேண்டும். விரிப்பு விரித்திருந்தது. அவள் மடிக்கிற மாதிரியே, ஒரு மூலை உள்ளே செருகி, கால்மாட்டில் போர்வை மடித்திருந்தது. கையை வைத்துப் பார்த்தாள். ஒருவர் இப்போதுதான் எழுந்து போனதுபோல வெதுவெதுப்பாக இருந்தது. கொடியில் அவள் துண்டு, ஈரமாக. அந்தத் துண்டு மாடி அறையில் இருக்கிறது. காலையில் அதில்தான் முகம் துடைத்தாள்.

குளித்துவிட்டு வந்த வாத்து அவளைப் பார்த்துத் திகைக்கவில்லை.

“நீ இப்பல்லாம் ரொம்ப நல்லவளாயிட்டடி. போனை வச்சுட்டு, பூட்டின வாசலைத் தாண்டி எப்படித்தான் வந்தியோ! ராத்திரி எனக்கு ஜுரம் அடிச்சப்ப எழுந்து வெந்நீர் வச்சுக் குடுத்தியே, எங்க அம்மாகூட அப்படிப் பாத்ததில்ல. என் துணியையெல்லாம் மடிச்சு வேற வச்சிருக்க.”

“அது நான் இல்ல, வாத்து. தயவுசெஞ்சு கேளு. முகத்தைப் பாத்தியா? விளக்கைப் போட்டுப் பாத்தியா?”

“என்னடி குரல் இப்படிக் கம்மிப்போச்சு? ராத்திரி நல்லாத்தானே பேசின?” வாத்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “ஓவராப் படிக்கற. போய்ப் படு.”

அதற்குப் பிறகு குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கிணற்றில் கயிறு நழுவிப் போவதைப்போல, பேசப் பேசக் கீழே போய்க்கொண்டிருந்தது. வகுப்பில் பக்கத்தில் இருப்பவள்கூடத் திரும்பவில்லை. கடைக்காரர் அவளைத் தாண்டிப் பின்னால் நிற்பவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார். வீட்டுக்கார அக்கா மட்டும் உப்புப் போட்ட வெந்நீரை மாடிக்கே கொண்டுவந்து கொடுத்து, கொப்பளிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பாதி காற்றாகத்தான் வெளியே வந்தது.

அக்கா சிரிக்கவில்லை. “எனக்கு இதெல்லாம் புரியலம்மா. ஆனா ஒண்ணு தெரியும். அம்மாகிட்ட மறைச்சிருக்க, அதான் உன்னை அரிக்குது. போனைப் போட்டுச் சொல்லிடு. அம்மா திட்டுவாங்க, கைவிட மாட்டாங்க.”

அது அவள் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. நல்ல வார்த்தைதானே? அன்று சாயங்காலமே அம்மாவை அழைத்தாள். ஆலையின் இயந்திர இரைச்சல் பின்னணியில் கேட்டது.

“அம்மா, நான் உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்…”

“ஹலோ? யாரு? சத்தமாப் பேசுங்க.”

“நான்தாம்மா.”

“ஒண்ணுமே கேக்கலையே… பேரும் காட்டலை. நீங்க யாருக்குப் போட்டீங்க?” அம்மாவின் குரலில் எரிச்சல் இல்லை. யாரிடமும் அம்மா எரிந்து பேச மாட்டாள். “தப்பான நம்பர்னு நினைக்கிறேன்மா. பாத்துப் போடுங்க. என் பொண்ணு லைன்ல வர்றா, வைக்கட்டுமா?”

வைத்துவிட்டாள்.

அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். அதே நேரம், இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டிலின் விளிம்பில் அது உட்கார்ந்துகொண்டு, அவள் குரலில், அவள் அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கும். சாப்பிட்டியா என்று கேட்கும். கால்வலி எப்படி இருக்கிறது என்று கேட்கும். அவள் பல நாள் கேட்க மறந்ததையெல்லாம் அது கேட்கும்.

முடிவெடுத்துவிட்டாள். விடுதிதான். அந்தச் சத்தம், அந்த வாளி, அந்த உளறல், எல்லாம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அக்கா வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“மாடில யாரையாவது பாக்க வந்தீங்களா? அங்க யாரும் குடிவரலையேம்மா” என்றாள், மிகவும் அன்பாக.

அவள் ஓடினாள்.

விடுதி வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். அவள் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தாழ்ந்தது. “பேச வராதாம்மா? சரி, அழாதே. யாரைப் பாக்கணும்? மாடியா?” அவள் தங்கள் அறை ஜன்னலைக் காட்டினாள். “ஓ, அந்த ரூமா. அந்தப் பொண்ணோட அம்மாகூட இன்னிக்கு வந்திருக்காங்க. போ, போய்ப் பாத்துட்டு வா.”

அம்மா.

படிகள். மங்கலான விளக்கு. தாழ்வாரத்தின் கடைசியில், ஈரத் துணி நிறைந்த வாளியோடு வாத்து எதிரே வந்தாள். அவளைப் பார்த்து நின்றாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

“யாரைப் பாக்கணுங்க?”

ங்க. இவ்வளவு நாளில் வாத்து அவளிடம் ஒரு முறைகூட அப்படிப் பேசியதில்லை. அவள் வாத்துவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வாத்து பயப்படவில்லை. உதறவில்லை. பரிதாபப்பட்டாள். “கை இப்படிச் சில்லுன்னு இருக்கே! வாங்க, உள்ள ஆன்ட்டி இருக்காங்க” என்று கூட்டிப்போய்க் கதவைத் தட்டிவிட்டு, துணி காயப்போட மொட்டைமாடிக்கு ஏறிவிட்டாள்.

கதவு திறந்தது.

அம்மா. அதே வெளுத்த நீலப் புடவை. அதே முகம். குளித்துவிட்டு வந்த ஈரத்தலையை முடிந்துகொள்ளாமல் விட்டிருந்தாள். நரைத்த கூந்தல் முன்பக்கம் தோளில் வழிந்திருந்தது. உள்ளே விளக்கு போடவில்லை.

“யாரும்மா நீ?”

அவள் உதடுகளைச் சேர்த்தாள். பிரித்தாள். காற்றுகூட வரவில்லை.

“அம்மாவா? அம்மாவைத் தேடறியா?” உதட்டைப் பார்த்தே அம்மா புரிந்துகொண்டாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்களால் அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். “பாவம்… யார் பெத்த பிள்ளையோ. தேடிட்டுத்தான் இருப்பாங்க, வந்துடுவாங்க. தண்ணி குடி, முதல்ல.”

ஒரு டம்ளர் தண்ணீரை அவள் கைகளுக்குள் வைத்து, விரல்களை மூடிவிட்டாள். “இங்கயே உக்காந்திரு. கதவு திறந்தே இருக்கட்டும். தனியா இருக்கற மாதிரி இருக்காது. நான் இவளுக்குத் தலை பின்னிட்டு வந்துடறேன்.”

அம்மா திரும்பிப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

அது தரையில் இருந்தது. அம்மாவின் முழங்கால்களுக்கு நடுவில், வாசலைப் பார்த்து. அவளுடைய உடை. அவளுடைய முகம். அவளைப் பார்த்தது. அதன் கண்களிலும் இரக்கம்தான் இருந்தது.

நுழைய வேண்டும். ஒரு எட்டு. கால்கள் இல்லாததுபோல இருந்தது. டம்ளர் நழுவி விழுந்தது. சத்தம் கேட்கவில்லை. யாரும் திரும்பவில்லை.

“அசையாதே தங்கம், இதோ முடிஞ்சுது” என்றாள் அம்மா.

மூன்று கால் பின்னல். அம்மாவின் விரல்கள் எடுத்தன, மாற்றின, இறுக்கின. ஒரு கால் கருப்பு. இன்னொன்று கருப்பு. மூன்றாவது நரை.

நரை.

அம்மா தன் தோளில் வழிந்த கூந்தலைத்தான் சேர்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கே அது தெரியவில்லை. ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அம்மாவின் தலை ஒரு விரற்கடை இறங்கியது. வாய்க்குள் ஏதோ பாட்டு. இன்னும் ஒரு பின்னல். இன்னும் ஒன்று. நெற்றி அதன் பிடரியைத் தொட்டது. பாட்டு அதன் கழுத்துக்குள் அடங்கிக் கேட்டது. முகம் முழுவதும் அந்தக் கருங்கூந்தலுக்குள் போய்விட்ட பிறகும், விரல்கள் மட்டும் பின்னிக்கொண்டே இருந்தன.