உச்சிப் பொழுதில் நிற்கும் லாரி

ஆமத்தூர் விலக்கில் இருக்கும் பெத்தணனின் பட்டறைக்கு அந்த லாரியைக் கட்டி இழுத்து வந்தபோது மணி மூன்று. பட்டாசு லோடை வழியிலேயே வேறு வண்டிக்கு மாற்றியிருந்தார்கள். கேபினிலிருந்து டிரைவர் பாலகுரு இறங்கினான். வலது குதிகாலைத் தரையில் ஊன்றாமல் நடந்து வந்தான்.

"அண்ணே, கிளட்ச் எரிஞ்சு போச்சு. ஆனா கோளாறு வண்டியில இல்ல. பின்னால இருந்து புடிச்சு இழுக்கா."

பக்கத்துப் பஞ்சர் கடை சுந்தரபாண்டி டியூபைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். பட்டறையில் எந்த வண்டி நின்றாலும் கோளாறை முதலில் சொல்லிவிடுவது அவன்தான். பெரும்பாலும் தப்பாகவே சொல்வான்.

"யாருலே இழுக்கது?"

"அச்சங்குளம் பக்கம் எரிஞ்ச பட்டாசு செட்டு இருக்குல்ல? அதுக்கு முன்னால பாலத்து ஏத்தம். அங்கன போனா எஞ்சின் மட்டும் கத்துது, வண்டி நவுர மாட்டேங்குது. கேபினுக்குள்ள முடி கருகுன வாடை. மூணு தடவை ஆச்சு. மூணும் உச்சிப் பொழுதுல." பாலகுரு குரலைத் தாழ்த்தினான். "மாசி மாசம் அந்தச் செட்டு வெடிச்சதுல போனது என் தங்கச்சி பாண்டிச்செல்விண்ணே."

சுந்தரபாண்டி தன் முழங்கையைத் தேய்த்துக்கொண்டான். "உச்சியில நடமாட்டம் இருக்கும்னு எங்க ஆத்தா சொல்லும்."

"ஒங்க ஆத்தா லாரி ஓட்டுச்சா?" என்றார் பெத்தணன்.

அதற்குள் லாரி முதலாளி சங்கரலிங்கம் காரில் வந்து இறங்கினார். "மாசிக்கு அப்புறம் இது ரெண்டாவது கிளட்ச் பிளேட்டு, பெத்தணா. முன்னாடியெல்லாம் ஒரு பிளேட்டு மூணு வருசம் ஓடும். ஏத்துறது வெடி. அடியில இப்படிக் கொதிச்சா என்னத்துக்கு ஆகும்? ஒன் வேலையில கோளாறுன்னா சொல்லிரு, சரி பண்ணிக்கிடுவோம். இவன் காலுல கோளாறுன்னா சாவியக் குடுத்துட்டு இவன் போகட்டும்."

"பதினாறு வருசம் ஓட்டுறேன். கிளட்சுல கால வச்சுக்கிட்டு ஓட்டுற ஆளா நானு?" பாலகுருவின் கண் கலங்கியது.

பெத்தணன் கேபினில் ஏறினார். கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கிப் பார்த்தார். விட வேண்டிய இளக்கம் சரியாக இருந்தது. போன தடவை பிளேட்டு மாற்றியபோது அவர் வைத்தது அப்படியே இருந்தது. எஞ்சினைப் போட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, டாப் கியரில் கிளட்சை விட்டார். பிளேட்டு நன்றாக இருந்தால் எஞ்சின் அந்த நொடியே அணைய வேண்டும். அது கத்திக்கொண்டே நின்றது. மெல்ல அந்த வாடை எழுந்தது. சுந்தரபாண்டி இரண்டடி பின்வாங்கினான்.

இறங்கும்போது சீட்டுக்குப் பின்னால் பெத்தணனின் கண் நின்றது. ஒரு ஜோடி பெண்கள் செருப்பு. வாரெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடி அப்பியிருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

"சூடு ஆறட்டும். காலையில பிரிப்போம்."

மறுநாள் காலை கியர் பாக்ஸை இறக்கினார்கள். பிளேட்டு கண்ணாடிபோல் வழுவழுத்துக் கிடந்தது. பிளேட்டு உரசிச் சுற்றும் ஃப்ளைவீலின் முகத்தில் நீலநீலமாகத் திட்டுகள், நடுவில் மயிரிழை விரிசல்கள். ஐந்து விரல் பதிந்ததுபோல் ஒரு திட்டு. சுந்தரபாண்டி அதன் மேல் தன் கையை வைக்கப் போய் இழுத்துக்கொண்டான்.

"கை மாதிரி இல்லண்ணே?"

"சூடு திட்டுத் திட்டாத்தான் பிடிக்கும். கோளாறு எங்கன இருக்குன்னு நீ சொல்லு."

"ஆயில் கசிஞ்சிருக்கும்."

"தொட்டுப் பாரு. காஞ்சு கெடக்கு."

"அப்ப லோடு சாஸ்தி."

"லோடு சாஸ்தின்னா பிளேட்டு எரியும். இந்த பேரிங் ஏன் எரியணும்?" பெத்தணன் கிளட்ச் பேரிங்கை நீட்டினார். உள்ளே கிரீஸ் கரிக்கட்டியாக இருந்தது. "பெடல அமுக்கும்போது மட்டுந்தான் இது பிளேட்டு பக்கம் ஒட்டும். இது வழி நெடுக ஒட்டியே சுத்தியிருக்கு."

முதலாளி பாலகுருவைப் பார்த்தார். பாலகுரு தலையில் கை வைத்தான். "எங்கப்பன் ஆணை, நான் அமுக்கல."

"நீ பொய் சொல்லல," என்றார் பெத்தணன். "ஒனக்கே தெரியாது. சாயங்கால லோடுல என்னைக்காவது நின்னுச்சா?"

"இல்லண்ணே."

"லோடு இல்லாம சும்மா வரும்போது?"

"இல்ல."

"உக்காந்து ரெண்டு காலையும் காட்டு."

வலது குதிகால் கொப்புளம் கொப்புளமாக வெந்திருந்தது. இடது பாதத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. நடுவில் கறுப்புக் கறுப்பாக வரிகள் மட்டும்.

"செருப்பு எப்ப இருந்து போடல?"

பாலகுரு கேபினைத் திரும்பிப் பார்த்தான். "செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் செட்டுக்குள்ள போவாக. அன்னைக்கு வாசல்ல வரிசையா செருப்பு மட்டும் கெடந்துச்சு. அவ செருப்ப நாந்தேன் பொறுக்குனேன். வருசம் திரும்புற வரைக்கும் நானும் போடுறதில்லன்னு..."

பெத்தணன் முதலாளியிடம் திரும்பினார். "ஒரு மணி வெயில்ல கேபின் தகரம் தோசைக்கல்லு. ஆக்சிலேட்டருக்கு வலது குதிகாலு ஊனித்தான் ஆகணும், அது வெந்துருச்சு. இடது காலுக்கு வேல இல்ல. அங்கன ரப்பர் இருக்கது கிளட்ச் பெடல்ல மட்டுந்தான், அந்த ரப்பர் வரிதான் இவன் காலுல. அது தானா ஏறி உக்காந்துருக்கு. காலு கனத்துக்குப் பெடல் எறங்கும், பிளேட்டு வழுக்கும். சமதரையில தெரியாது. லோடோட ஏறுற ஒரே ஏத்தம் அந்தப் பாலந்தான். சாயங்காலம் தகரம் ஆறிரும், அதான் அப்ப நிக்கல. அந்த வாடையும் பிளேட்டு வாடைதான்."

சங்கரலிங்கம் பாலகுருவின் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நம்ம லோடு ஏத்துற செட்டுல தரைக்குப் போடுற ரப்பர் பாய் ஒண்ணு அனுப்புறேன். கேபினுல விரி. சாவி அவன்கிட்டயே இருக்கட்டும்."

பாலகுரு சிரிக்கவில்லை. "அப்ப அவ இல்லையாண்ணே?" என்றான். பெத்தணன் பேரிங்கைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் நாள் புதுப் பிளேட்டோடு, லோடோடு, உச்சி வெயிலில் சோதித்துப் பார்க்கப் போனார்கள். பாலகுருவின் இடது கால் ரப்பர் பாயில் கிடந்தது. சுந்தரபாண்டி கண்ணை மூடிக்கொண்டான். பாலத்து ஏற்றத்தில் லாரி முனகாமல் ஏறி எரிந்த செட்டைத் தாண்டியது. ஒரு வாடையும் இல்லை.

நூறு அடி போனதும் பாலகுரு வண்டியை ஓரங்கட்டினான்.

"என்னலே, மறுபடியும் புடிச்சிருச்சா?" சுந்தரபாண்டி அலறினான்.

"இல்ல. நாந்தேன் நிறுத்துனேன்."

எட்டு மாதத்தில் அங்கே அவனாக நிறுத்தியது அதுதான் முதல் தடவை. சீட்டுக்குப் பின்னாலிருந்து அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு, கொதிக்கும் தாரில் வெறுங்காலோடு எரிந்த செட்டுக்குத் திரும்பி நடந்தான். கதவில்லாத வாசலுக்கு வெளியே ஜோடியாக, உள்ளே போனவள் திரும்பி வந்தால் மாட்டிக்கொள்ளத் தோதாக வைத்தான்.

அவன் வரட்டும் என்று பெத்தணன் கை நீட்டி எஞ்சினை அணைத்தார்.